உப்பேறிய பதினைந்து பேர்ச்

"இந்த நிலம் செத்துப்போச்சு, பிள்ளை" என்று தியாகராசா சொன்னபோது ரதி கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

தை மாதக் கடைசி. கொழும்பு மட்டக்குளியில், களனி ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், கரையை ஒட்டிக் கிடந்த பதினைந்து பேர்ச் நிலம் அது. நான்கு வருடங்களாக அதில் கீரை போட்டு, கட்டுக் கட்டாகக் கொட்டாஞ்சேனைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வந்தாள் ரதி. கங்குன், பொன்னாங்காணி, முளைக்கீரை. மழை பொய்த்த அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் இறங்க இறங்க, கடல் மேலே ஏறி வந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீர் கரித்தது. பிறகு இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோலக் கருகியது. இப்போது பன்னிரண்டு பாத்திகளிலும் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது.

நிலத்தின் சொந்தக்காரர் தியாகராசாவுக்கு அறுபத்தெட்டு வயது. வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்து, இப்போது அதை மகன் பிரியந்தனிடம் விட்டிருந்தார். மகன்தான் அன்று அவரைக் காரில் கூட்டி வந்திருந்தான். அவன் பாத்திகளைப் பார்க்கவில்லை. வாசலின் அகலத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தான். கொண்டெய்னர் நிறுத்த இடம் தேடி ஒரு கம்பனி அவனைச் சுற்றிக்கொண்டிருந்தது ரதிக்கும் தெரியும். தியாகராசாவுக்கே சொந்தமான பக்கத்துத் துண்டில் கீரை போட்ட ஆறாயி போன மாதமே கைவிட்டுப் போயிருந்தாள்.

"நீர் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியும்" என்றார் தியாகராசா. "முற்பணத்தைத் திருப்பித் தாறன். விட்டிட்டுப் போம்."

"இன்னும் ரெண்டு வருசம் இருக்குங்க ஐயா. நொத்தாரிசு எழுதுன பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

பிரியந்தன் திரும்பினான். "அதே பேப்பரில இன்னொண்டும் இருக்கு அக்கா. தொடர்ந்து மூண்டு மாசம் பயிர் இல்லாமக் கிடந்தா ஒப்பந்தம் செல்லாது. வாசிச்சனீங்களோ?"

"ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் சேர் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப சித்திரைக் கடைசியில வாறன்" என்றான் அவன்.

கார் போனபிறகும் ரதி நின்ற இடத்திலேயே நின்றாள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து, பம்பலப்பிட்டியில் மூன்று வீடுகளில் வேலை செய்து, கல்யாணம் முடித்து, முப்பத்தெட்டாவது வயதில்தான் தன் பெயரில் ஒரு காகிதத்தில் நிலம் என்ற சொல்லைப் பார்த்தாள். குத்தகை நிலம்தான். ஆனாலும் அந்தக் காகிதத்தில் அவளுடைய பெயர் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் அது இருந்ததில்லை.

அவள் செய்த முதல் வேலையே தவறாகப் போனது. உரக்கடைக்குப் போய், "உப்பு மண்ணுக்கு என்னா போடுறது?" என்று கேட்டாள். கடையில் நின்றவர் யோசிக்கவே இல்லை. பொட்டாஷ் போட்டால் உப்பைத் தாங்கும் என்று சொல்லி, சிவப்புக் குறுணையாக ஒரு பையைத் தூக்கி வைத்தார். ரதி அதைக் கைநிறைய அள்ளித் தூவினாள். ஐந்து நாளில் மிச்சமிருந்த பொன்னாங்காணியும் சுருண்டுவிட்டது.

அவளுடைய கணவன் சுந்தரலிங்கம் மருந்துகள் வைக்கும் குளிரூட்டிய கிடங்கொன்றில் மூட்டை ஏற்றி இறக்குபவன். அன்று வேலை முடிந்து நேரே நிலத்துக்கு வந்து, கருகிய பாத்தியைப் பார்த்தான்.

"போதும் ரதி. அவரு குடுக்குறத வாங்கிக்குவோம்."

"நா வாங்க மாட்டேன்."

"செத்த மண்ணுல என்னாத்த நட்டு என்னா?"

"செத்துப்போச்சுன்னு சொன்னவரு அதுல கொண்டெய்னர் நிறுத்தப் பாக்குறாரு. செத்ததுக்கு ஏன் இம்புட்டு அவசரம்?" என்றாள் ரதி. சுந்தரலிங்கம் காலி உரப்பையை மடித்து ஓரமாக வைத்தான். அவள் கோபத்தில் இருக்கும்போது எதிர்த்துப் பேசிப் பயனில்லை என்பது அவன் இருபது வருடத்தில் கற்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷாமிலா கீரை வாங்க வந்தாள். மட்டக்குளியிலேயே இருப்பவள், முப்பது வயது இருக்கும். இரத்மலானையில் தண்ணீரைச் சோதிக்கும் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. வாரம் தவறாமல் நிலத்துக்கே வந்து பொன்னாங்காணி வாங்கிப் போவாள். அன்று கொடுக்க ஒன்றும் இல்லை. ரதி காலியான உரப்பையை எடுத்துக் காட்டினாள்.

ஷாமிலா பையில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "யா அல்லா. அக்கா, இதுல பொட்டாசியமும் ஈக்குது, குளோரைட்டும் ஈக்குது. உப்புக்கு மேல உப்பையே கொட்டிட்டீங்க."

"கடையில அவருதான் குடுத்தாரு மிஸ்."

"அவர் வித்தார். அவருக்கு என்ன?" ஷாமிலா குனிந்து வெள்ளைப் பொருக்கைக் கிள்ளிப் பார்த்தாள். "நான் கெம்பஸ்ல கடைசி வருஷம் இதைத்தான் செஞ்சேன். உப்புல மொளகாக் கன்டு எப்படித் தாங்கும் என்டு. ரெண்டு வருஷம் சட்டியில வளத்து, புஸ்தகமா அடிச்சுக் குடுத்தேன். லைப்ரரியில தூசி பிடிச்சுக் கெடக்குது. ஒரு மனிசன் கேக்க வரல்ல."

"நா கேக்குறேன்" என்றாள் ரதி. "சொல்லுங்க. என்னா போட்டா இந்த உப்பு போகும்?"

"எதப் போட்டாலும் உப்பு போகாது அக்கா. நல்ல தண்ணிதான் உப்பக் கழுவும். நாம போடுறது பயிர் தாங்குறதுக்கு."

அந்தப் பதில் ரதிக்குப் பிடித்திருந்தது. கடைக்காரர்போல் நிச்சயமாகச் சொல்லாமல், எது முடியும் எது முடியாது என்று பிரித்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

இருவரும் பாத்தி வரம்பில் உட்கார்ந்தார்கள். ஷாமிலா தன் பையிலிருந்த, உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற ஒரு கருவியைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டாள். அது நாலு என்று காட்டியது. மண்ணைக் கரைத்து விட்டபோது ஒன்பது. கீரைக்கு இரண்டைத் தாண்டினாலே கஷ்டம் என்றாள். பிறகு ஒரு குச்சியால் தரையில் கீறிக் கீறி விளக்கினாள். களிமண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கல்சியம் அந்த இடத்தைப் பிடித்துச் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டதை நல்ல தண்ணீர் கீழே கொண்டுபோகும். உமிச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது. அது வேரையும் தண்டையும் இறுக்கி, சோடியம் உள்ளே போவதைக் குறைக்கும். பொட்டாசியமும் வேண்டும், ஆனால் குளோரைட் இல்லாத பொட்டாசியம் சல்பேட். அதைத் தண்ணீரில் கரைத்து இலையில் தெளிக்கவேண்டும். மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விட்டால் பலன் குறைவு. தண்ணீர் இல்லாவிட்டால் மூன்றையும் போட்டும் வீண்.

"நல்ல தண்ணிக்கு எங்க போறது? பைப் தண்ணியில ஒரு பாத்தி நனையாது" என்றாள் ரதி.

அதற்குப் பதில் சுந்தரலிங்கத்திடமிருந்து வந்தது. அன்று இரவு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து ரதி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எங்க கிடங்கு ஏசி எல்லாத்துலயும் தண்ணி வடியுது" என்றான். "பின்பக்கத்துல பைப் வச்சு சாக்கடைக் கானுக்குத்தான் விடுறாங்க. ராவும் பகலும் ஓடும். அது உப்பா, நல்ல தண்ணியா?"

மறுநாள் ஒரு போத்தலில் பிடித்து வந்தான். ஷாமிலாவின் கருவி பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில், பூச்சியத்தை ஒட்டி நின்றது. வேறு ஏதும் கலந்திருக்கிறதா என்று இரத்மலானைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மழத் தண்ணி மாதிரி ஈக்குது" என்று ஃபோனில் அவள் கத்திய கத்தலில் ரதி காதிலிருந்து ஃபோனை எடுத்துவிட்டாள்.

கிடங்கு மேலாளர் முதலில் மறுத்தார். கானுக்குப் போகிற தண்ணீரைக் கேட்டு ஒருவன் வந்து நின்றது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சுந்தரலிங்கம் வாழ்க்கையில் எந்த மேலாளரிடமும் இரண்டாவது தடவை ஒன்றைக் கேட்டதில்லை. இந்தத் தடவை மூன்று நாள் தொடர்ந்து கேட்டான். நான்காம் நாள் அவர், "கொண்டுபோ, என்னை விடு" என்றார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் தள்ளுவண்டியில் நீல நிறப் பீப்பாய்கள் மூன்றை ஏற்றி, மட்டக்குளி வீதி வழியாகத் தள்ளிவந்தான். வழியில் தெரிந்தவர்கள் கேலி பண்ணினார்கள். "என்ன அண்ணே, தண்ணி வியாபாரமா?" என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே தள்ளினான்.

ஜிப்சம் இரத்மலானையில் கிடைத்தது. ஜிப்சம் சிலிங் பலகைகளை நொறுக்கிய தூள் மலிவாக வரும் என்று ஒருவர் சொன்னதை ஷாமிலா ஒரேயடியாக வேண்டாம் என்றாள். அதில் பசையும் வேறு மருந்தும் கலந்திருக்கும். சுத்தமான ஜிப்சம் மூன்று மூட்டை ஓட்டோவில் வந்தது. சாம்பலுக்குக் களனிக்குப் போனார்கள். அங்கே உமி எரித்துக் கொதிகலன் ஓட்டும் ஒரு தொழிற்சாலையின் பின்னால் சாம்பல் மலைபோலக் குவிந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு போனால் சந்தோசம் என்றார்கள். ஆறு மூட்டை அள்ளியதில் ரதியின் முகமும் கைகளும் கரியாகிவிட்டன. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் போதாது என்பது கணக்குப் பார்த்தபோதே தெரிந்தது. பன்னிரண்டில் ஏழு பாத்திகளை மட்டும் எடுத்தார்கள். அந்த ஏழில் ஒன்றுக்குத் தண்ணீர் மட்டும் விடவேண்டும், வேறு எதுவும் போடக்கூடாது என்றாள் ஷாமிலா. ரதிக்குக் கோபம் வந்தது.

"ஒரு பாத்திய சும்மா சாகவிடச் சொல்றீங்களா? எனக்கு இருக்குறதே மூணு மாசம்."

"அப்பத்தான் நாம போட்டதால வந்ததா, தண்ணியால வந்ததா என்டு தெரியும்."

"எனக்குக் கீரை வந்தாப் போதும்."

"ஒங்களுக்குப் போதும் அக்கா. நாளைக்கு ஒத்தர் வந்து, இது ஏதோ தானா வந்தது என்டு சென்னா என்ன செய்வீங்க?"

ரதி அதை ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு ஆற்றுப் பக்கத்துக் கடைசிப் பாத்தியைக் காட்டி, "அத எடுத்துக்குங்க" என்றாள்.

மாசி முழுவதும் அதே வேலை. மண்ணைக் கொத்தி, ஜிப்சம் கலந்து, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டி, இறங்கவிட்டு, மறுபடியும் கட்டினார்கள். வடிந்த தண்ணீர் மற்றப் பாத்திகளுக்குள் போகாமல் ஆற்றுப் பக்கம் ஓட ரதி ஒரு வாய்க்கால் வெட்டினாள். கருவியின் எண் ஒன்பதிலிருந்து எட்டுக்கு வரப் பத்து நாள் எடுத்தது. அதற்குப் பிறகு வேகமாக இறங்கி, ஐந்துக்குக் கிட்ட வந்து நின்றுவிட்டது. கீழே உப்புக் கிணற்றின் ஊற்று இருக்கும்வரை அதற்கு மேல் இறங்காது என்று ஷாமிலா சொன்னாள். சாம்பலை அளந்துதான் போட்டார்கள். கூடினால் அதுவும் கெடுதி. கங்குன் விதையை ஒரு இரவு ஊறவைத்து ரதி தூவினாள். இரண்டு பாத்தியில் முளைக்கீரையும் போட்டாள்.

முளைக்கீரை ஒரு பாத்தியில் வரவே இல்லை. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. ஆனால் கங்குன் வந்தது. வழக்கத்தைவிடக் குட்டை, இலையும் சிறிது. மூன்றாவது வாரம் இலையில் பொட்டாசியம் சல்பேட் தெளித்துவிட்டு ரதி ஒவ்வொரு நாள் காலையும் குந்தியிருந்து இலை ஓரங்களைப் பார்த்தாள். கருகல் இல்லை. ஆற்றுப் பக்கத்துக் கடைசிப் பாத்தியில் முளைத்தவை விரல் நீளம் வந்து, மஞ்சளாகி, ஓரம் எரிந்து சாய்ந்தன.

பங்குனிக் கடைசி வாரத்தில் ஒரு காலை, வாசலில் லொறி ஒன்று பின்பக்கமாக ஏறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. லொறி நிறையக் கிரவல் கல். முன்னால் வெறுமையாகக் கிடந்த ஐந்து பாத்திகளில் அதைக் கொட்டிப் பரப்பச் சொல்லிப் பிரியந்தன் அனுப்பியிருந்தான்.

ரதி ஓடிப்போய்ப் பின்சில்லுக்கு நேராக, பாத்தி நடுவில் நின்றாள்.

"அக்கா, அயின் வென்ன" என்று சாரதி தலையை நீட்டிச் சொன்னான். விலகச் சொன்னான்.

"பே மல்லி" என்றாள் ரதி. முடியாது.

கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் பேசிப் பழகிய சிங்களத்தில் அவள் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இது குத்தகை நிலம், காகிதம் தன்னிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கிரவல் விழுந்தால் அது தன்மேல்தான் விழும். சாரதி இறங்கி வந்தான். அவள் பின்னால் இருந்த பச்சையைப் பார்த்தான். பிறகு ஃபோனை எடுத்துப் பிரியந்தனைக் கூப்பிட்டுவிட்டு, அவளிடம் நீட்டினான்.

"என்ன அக்கா இது? வெறும் இடத்திலதானே கொட்டச் சொன்னனான்."

"வெறும் இடம் இல்ல தம்பி. தண்ணி பத்தாம நிப்பாட்டி வச்ச இடம்." அதுவரை சேர் என்று அழைத்தவனை அவள் தம்பி என்றாள். "பேப்பர்ல பதினைஞ்சு பேர்ச்னு இருக்கு. பாதி பதினைஞ்சுன்னு இல்ல."

"நீங்க அங்க ஒண்டும் வளக்கேல்லை. மூண்டு மாசத்தில ரெண்டு முடிஞ்சுது."

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"எனக்கு நேரமில்லை. லொறிக்காரனிட்டக் குடுங்கோ."

ரதி ஃபோனைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுமுனையில் பிரியந்தன் கத்துவது கேட்டது. சாரதி கொஞ்சம் கேட்டான். பிறகு, பெண்ணின் மேல் கல் கொட்ட நான் வரவில்லை, வேண்டுமானால் நீங்களே வந்து கொட்டுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். லொறி கிரவலோடு திரும்பிப் போனது.

அது போனதும் ரதி எழுந்து, கத்தியை எடுத்து, நல்ல பாத்திகளில் கங்குன் ஆறு கட்டு அறுத்தாள். முகம் கழுவி, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போனாள்.

தியாகராசாவின் வீடு காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நான்காம் மாடியில் இருந்தது. அவருடைய மனைவி இரத்தினம்மா கதவைத் திறந்து, கீரைக் கட்டுகளையும் ரதியையும் மாறி மாறிப் பார்த்தார். ரயில் ஒன்று கீழே போக, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தியாகராசா பத்திரிகையை மடித்து வைத்தார்.

"லொறி அனுப்பி இருந்தீங்க ஐயா" என்றாள் ரதி.

"நானோ? நான் அனுப்பேல்லை."

"மகன் அனுப்புனாரு. நெலம் உங்க பேருல இருக்கு. அதனால உங்ககிட்ட வந்தேன்." கட்டுகளை மேசையில் வைத்தாள். "இது நீங்க செத்துப்போச்சுன்னு சொன்ன மண்ணுல வந்தது."

அவர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார். நம்பாதவர் பார்ப்பதுபோல இருந்தது. "சந்தையில வாங்கினதோ?"

ரதிக்கு முகம் சுட்டது. "சந்தையில நா விக்கிறவ ஐயா. வாங்கிட்டு வந்து உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. நம்பாட்டி வந்து பாருங்க."

"உமக்கு வாய் கூட."

"வாய் இல்லாட்டி இன்னைக்கு அந்த நெலத்துல கல்லுதான் இருக்கும்."

இரத்தினம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். தியாகராசா எழுந்து யன்னலடிக்குப் போனார். கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்கட ஊர் அரியாலையில, ஐயாவின்ர தோட்டத் தறையிலயும் இப்பிடித்தான் உவர் ஏறினது. எனக்குப் பன்ரெண்டு வயசு. மிளகாயும் வெங்காயமும் நிண்ட நிலம். ஆறு வருசம் மனிசன் தண்ணி இறைச்சு இறைச்சு மாண்டார். இறைக்க இறைக்கக் கிணறு இன்னும் உவர். கடைசியில வெறும் தரவையாப் போச்சு. உப்பு ஏறினா முடிஞ்சுது, பிள்ளை. நான் கண்ணால கண்டனான். உம்மை ஏமாத்த நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அவர் பொய் சொல்லவில்லை என்று ரதிக்குத் தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை. "நீங்க கண்டது உங்க அப்பாவோட நெலம் ஐயா. நா காட்டுறது என்னோடது. நாளைக்கு வாங்க."

அவர் வந்தார். காலை ஏழு மணிக்கு, மகனுக்குச் சொல்லாமல், ஓட்டோவில். ரதி ஷாமிலாவையும் வரச் சொல்லியிருந்தாள். சுந்தரலிங்கம் பீப்பாயோடு நின்றான். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. அவரே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திகளுக்கு நடுவில் நடந்தார். கடைசிப் பாத்தியில் எரிந்து கிடந்த கன்றுகளைப் பார்த்து, "இது ஏன் இப்பிடி?" என்றார்.

"அதுக்குத் தண்ணி மட்டுந்தாங்க ஊத்துனோம். உங்க அப்பா செஞ்ச மாதிரி."

அவர் குனிந்து அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். அடுத்த பாத்தியிலும் எடுத்து வைத்தார். "இதுவும் கரிக்குது."

"கரிக்கத்தான் செய்யும். உப்பு போயிருச்சுன்னு நா சொல்லவே இல்லையே. உப்போடதான் வளருது."

கங்குன் தண்டொன்றை முறித்து அவர் மென்றார். மெதுவாக, ருசி பார்ப்பவராக இல்லாமல், எதையோ தேடுகிறவராக மென்றார். பிறகு ஷாமிலாவைக் கேட்டார்: "என்ன போட்டனீங்கள்?"

அவள் சொன்னாள். ஜிப்சம், உமிச் சாம்பல், பொட்டாசியம் சல்பேட்.

"ஜிப்சமோ? என்ர கடையிலயே சிலிங் வேலைக்கு மூட்டை மூட்டையா வித்தனான்." அவருடைய குரல் மாறியது. "ஐயாவின்ர காலத்தில இது தெரியுமோ? இப்பதான் கண்டுபிடிச்சதோ?"

ஷாமிலா தயங்கினாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "ஜிப்சம் விசயம் அதுக்கும் முந்தியே தெரியும் அங்கிள்."

தியாகராசா ஆற்றோரம் போய் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழுகை அல்ல, கோபம். "அப்ப எங்களுக்கு ஏன் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை? ஆறு வருசம் அந்த மனிசன் சும்மா இறைச்சதோ?"

"எனக்கும் யாரும் வந்து சொல்லலீங்க" என்றாள் ரதி. "கடைக்காரரு தப்பாச் சொன்னாரு. நீங்க போயிரச் சொன்னீங்க. இவரு கூட விட்டுரச் சொன்னாரு. நா போகல. அம்புட்டுத்தான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயே நின்று மகனுக்கு ஃபோன் எடுத்தார். "ஒப்பந்தம் முடியிற வரைக்கும் இந்த நிலத்தில ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. நீயும்தான். கிரவலை உன்ர கடை வாசலில கொட்டு" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு ரதியிடம், "முடிஞ்ச பிறகு என்ன எண்டு நான் இப்ப சொல்லமாட்டன். அது வேற கதை" என்றார்.

"சரிங்க. இன்னொன்னு ஐயா. ஆறாயி விட்டுட்டுப் போன பக்கத்துத் துண்டையும் எனக்குக் குடுங்க."

சுந்தரலிங்கம் பீப்பாயைக் கீழே வைத்துவிட்டான்.

"இதிலயே பாதி வெறுமையாக் கிடக்கு!" என்றார் தியாகராசா.

"மழை வரட்டும். மழைத் தண்ணியில கழுவி வச்சாத்தான் ஆடியில மறுபடியும் உப்பு ஏறும்போது தாங்கும். இப்பவே ஜிப்சம் போட்டு வைக்கணும்."

"பிரியந்தனிட்டக் கேளும்."

"அவரு பேருல காணி உறுதி இல்லீங்களே. உங்க பேருலதானே இருக்கு."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. "எழுத்தில தரமாட்டன். ஆவணி வரைக்கும் செய்து காட்டும். அப்ப பாப்பம்."

ஓட்டோ திரும்பிய கையோடு ரதி ஆறாயிக்கு ஃபோன் எடுத்தாள். ஆறாயி கொம்பனித்தெருவில் புதிதாக எழும்பிய மாடியொன்றில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு, "உப்ப வச்சுக்கிட்டேவா?" என்று கேட்டாள். "உப்ப வச்சுக்கிட்டேதான். வர்றதுல உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இஷ்டம்னா வா" என்றாள் ரதி.

சித்திரை வருடப்பிறப்புக்கு மூன்று நாள் கழித்து மழை வந்தது. முதல் மழை நின்ற மறுநாளே ஆறாயியும் ரதியும் பக்கத்துத் துண்டில் இறங்கிக் கொத்தினார்கள். வரம்பில் ஜிப்சம் மூட்டைகள் பொலித்தீனால் மூடியிருந்தன. பத்து மணியளவில் ரதியின் ஃபோன் அடித்தது. பிரியந்தன்.

"அக்கா, பக்கத்துக் காணியில ஆரோ வேலை செய்யினமாம். ஆர் உங்களுக்குப் பெர்மிஷன் தந்தது?"

"ஐயாகிட்டக் கேளுங்க தம்பி."

"நான் உங்களைத்தான் கேக்கிறன். எழுத்தில ஏதும் இருக்கோ?"

"இப்ப கையெல்லாம் மண்ணு. பொறகு பேசுவோம்" என்று ரதி ஃபோனை நிறுத்தி இடுப்பில் செருகினாள். ஆறாயி மூட்டையின் வாயைப் பிரித்துப் பிடித்தாள். வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் நான்கு பாத்தியாவது முடித்துவிட வேண்டும் என்று இருவரும் வேகமாகத் தூவத் தொடங்கினார்கள்.